பக்கத்து வீட்டுக்கென்று ஒரு தாச்சி

மகரிப் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போதே பிள்ளைகள், "உம்மா, இராவைக்கு என்ன?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்தக் கேள்வி எந்த வீட்டில்தான் இல்லை? ஆனால் எங்கள் நயினாதீவில் அதற்குப் பதில் சொல்வது சில நாட்களில் கொஞ்சம் சிரமம். கடல் சூழ்ந்த ஊர் என்பதால் மீனுக்குக் குறைவில்லை. இறைச்சி வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். திரும்பி வரும்போது பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைவரை பஸ். அங்கிருந்து படகு. போயா நாள் என்றால் அதுவும் இல்லை. நாடு முழுவதும் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும்.

என் கணவர் கடைச் சாமான் எடுக்கப் பட்டணம் போகும் நாட்களில், ஐஸ் போட்ட பெட்டியில் ஒரு கிலோ மாட்டிறைச்சியும் வரும். அன்று வீட்டில் பிள்ளைகளுக்குப் பெருநாள்தான். ஆனால் அவர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகு தேங்காய் துருவி, கறி கூட்டி, இறைச்சி அவியும்வரை காத்திருந்தால் சின்னவன் வெறும் வயிற்றோடு தூங்கிப் போவான். அப்படியான நாட்களுக்கு நான் கண்ட வழிதான் மாட்டிறைச்சி நூடில்ஸ். மகரிபுக்குப் பின் அடுப்பை மூட்டினால் இஷாவுக்கு பாங்கு சொல்லுமுன் சாப்பாடு தயார். அதன் செய்முறையையும், அந்தத் தாச்சியால் நான் படித்த ஒரு பாடத்தையும் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் செய்முறை. ஐந்து பேருக்கு எலும்பில்லாத தொடை இறைச்சி கால் கிலோ போதும். அது ஐஸில் பாதி இறுகியிருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் மெல்லிய துண்டாக வரும். நார் ஓடும் பக்கமாக வெட்டாமல் அதற்குக் குறுக்காக வெட்டுங்கள். நார் சிறிது சிறிதாக அறுபட்டுப் போவதால் இறைச்சி பல்லில் சிக்காது. கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைப் பிசறி இருபது நிமிடம் வைத்துக் கழுவி எடுத்தால் முற்றிய இறைச்சியும் இளகிவிடும். அதிகம் போட்டால் சவர்க்கார வாடை வரும், கவனம். பிறகு இரண்டு மேசைக்கரண்டி சோயா சோஸ், ஒரு தேக்கரண்டி சோளமா, மிளகுத்தூள், இஞ்சி, உள்ளி போட்டுப் பிரட்டி வையுங்கள். சோஸிலேயே உப்பு இருக்கிறது. தனியாக உப்புப் போட அவசரப்படாதீர்கள்.

அது ஊறும் நேரத்தில் ஒரு பக்கட் நூடில்ஸை அவித்து வடித்து, ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் எண்ணெய் தடவி வையுங்கள். முக்கால் பதம் போதும்; மீதி தாச்சியில் வேகும். நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடான தீவு இது. அதனால் வடித்த தண்ணீரை நான் கொட்டுவதில்லை. ஆறவைத்து வேலியோரத்து முருங்கைக்கு ஊற்றிவிடுவேன்.

தாச்சி நன்றாகக் காய்ந்து புகை எழும்போது எண்ணெய் விட்டு, இறைச்சியை இரண்டு மூன்று தடவையாகப் போட்டு எடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தாச்சியின் சூடு இறங்கி, இறைச்சி தண்ணீர் விட்டு அவிந்துபோகும், பொரியாது. அதை எடுத்து வைத்துவிட்டு வெங்காயம், லீக்ஸ், கரட், கோவா, கறிமிளகாய் என்று இருப்பதைப் போட்டுக் கிளறி, நூடில்ஸையும் இறைச்சியையும் சேர்த்து, இடித்த செத்தல் மிளகாயும் சில சொட்டு வினாகிரியும் விட்டுப் பிரட்டி இறக்குங்கள். அவ்வளவுதான்.

"இது சீனாக்காரன் சாப்பாடல்லவா?" என்று மாமி முதலில் முகம் சுளித்தார். ஆனால் சீனாவிலேயே மாட்டிறைச்சி நூடில்ஸுக்குப் பேர் போனவர்கள் முஸ்லிம்கள்தான். அங்கே கான்சு மாகாணத்தில் லான்சோ என்றொரு நகரம் இருக்கிறது. ஹுய் என்ற முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த மா பாவோசி என்பவர் 1915ஆம் ஆண்டளவில் அங்கே விற்கத் தொடங்கிய நூடில்ஸ்தான் இன்று சீனா முழுவதும் பரவியிருக்கிறது என்பார்கள். கையால் இழுத்து நீட்டிய நூடில்ஸ், தெளிந்த மாட்டிறைச்சிச் சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், மேலே கொத்தமல்லி இலை. மலேசியாவில் 'மாமாக்' கடைகளில் விற்கும் 'மீ கோரெங்' நூடில்ஸோ தமிழ்நாட்டிலிருந்து போன நம் தமிழ் முஸ்லிம்களின் கைப்பக்குவம். இதையெல்லாம் சொன்னதும், "அப்படியென்டால் நம்ம ஆக்கள்ட சாப்பாடுதானே" என்று மாமி கோப்பையை நீட்டினார்.

இனி அந்தப் பாடம்.

நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவள். 1990 அக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு ஏழு வயது. உடுத்த உடையோடு புத்தளம் போய், அகதி முகாமில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். ஒரு பக்கம் நாகபூசணி அம்மன் கோயில், இன்னொரு பக்கம் நாகதீப விகாரை, நடுவில் பள்ளிவாசலும் விரல்விட்டு எண்ணக்கூடிய முஸ்லிம் குடும்பங்களும். பழகியவர்களைப் பிரிந்து போன பிள்ளை நான். அதனால் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால், "பிள்ளை, தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று முதல் நாள் கேட்டதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

2014ஆம் ஆண்டு ஒரு மாலை. அக்காவின் மகனுக்கு அப்போது ஆறு வயது. என் மூத்தவனோடு முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். தாச்சியிலிருந்து எழுந்த வாசத்துக்கு இரண்டு பேரும் குசினி வாசலில் வந்து நின்றார்கள். "அன்ரி, எனக்கும் நூடில்ஸ்" என்றான். கேட்ட பிள்ளைக்கு எப்படி இல்லையென்பது? இறைச்சித் துண்டுகளைக் கவனமாக ஒதுக்கிவிட்டு, நூடில்ஸையும் கரட்டையும் மட்டும் ஒரு கோப்பையில் போட்டுக் கொடுத்தேன். அவனும் ஆசையோடு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு, கோப்பையைப் பார்த்துவிட்டு மாமி கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு எதிலிருந்து குடுத்த?"

"இறைச்சியை எடுத்துப்போட்டுத்தான் குடுத்தன் மாமி."

"துண்டை எடுத்தாய், சாறை எடுத்தியா? ஆராவது பண்டி பொரிச்ச தாச்சியில கிழங்கு பொரிச்சு உன்ர புள்ளைக்குத் தந்தா நீ சும்மா இருப்பியா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று காலையில்தான் புதிய சோயா சோஸ் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஹலால் முத்திரை தேடியிருந்தேன். புளிக்கவைத்துச் செய்யும் சோயா சோஸில் இயல்பாகவே சிறிதளவு மதுசாரம் உண்டாகும் என்பதால் எப்போதும் முத்திரை பார்த்துத்தான் வாங்குவேன். பக்கட்டோடு வரும் மசாலாத் தூளில் என்ன சேர்ந்திருக்கிறது என்றும் வாசிப்பேன். என் பிள்ளையின் வாய்க்குள் போவதில் இத்தனை பேணுதல் காட்டிய நான், மாட்டிறைச்சியைத் தொடாத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நிமிடம் யோசிக்காமல் கொடுத்துவிட்டேன்.

அதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. அக்கா வீட்டில் விசேஷம் என்றால் மோதகமோ வடையோ எங்களுக்கும் வரும். கொண்டுவந்து தரும்போதெல்லாம், "இது படைச்சதில்லைப் பிள்ளை, உங்களுக்கெண்டு வேற சட்டியில செய்தது" என்று சொல்லித்தான் தருவார். நாங்கள் படையலைச் சாப்பிடமாட்டோம் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவராகவே அறிந்து வைத்திருந்தார். அவருடைய பேணுதலை நான் அறிந்து வைத்திருக்கவில்லை.

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பையன் சின்னவன், அவனுக்கும் புரிந்திருக்காது. சொன்னால் இருக்கிற உறவும் அறுந்துபோகுமோ என்ற பயம் வேறு. இரவெல்லாம் புரண்டு படுத்தேன். கொடுத்தது அறியாமை, மறைத்தால் அது மோசடி. சுபஹு தொழுதுவிட்டு, விடிந்ததும் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, நீர் வீட்டை போம்" என்றார். எப்போதும் 'பிள்ளை' என்கிறவர் அன்று அப்படிச் சொல்லவில்லை. ஒரு கிழமைக்கு மேல் பையன் எங்கள் முற்றத்துக்கு வரவில்லை. வேலியடியில் அக்காவின் குரலும் கேட்கவில்லை. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பிறகு ஒரு நாள் அவராகவே வந்தார். திண்ணையில் இருந்து, "கோவம் இருந்ததுதான். ஆனா நீ மறைச்சுப்போட்டு, பிறகு வேற ஆரும் சொல்லி எனக்குத் தெரிஞ்சிருந்தா, உன்ர கையால ஒரு வாய் தண்ணியும் என்ர பிள்ளைக்குக் குடுக்க விட்டிருக்க மாட்டன்" என்றார். மாமி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா குடித்தார். அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த முறை பட்டணம் போனபோது கணவரிடம் சொல்லிப் புதிய தாச்சி ஒன்றும் அகப்பை ஒன்றும் வாங்குவித்தேன். அவற்றில் மாட்டிறைச்சி பட்டதேயில்லை. கழுவும் பஞ்சும் வேறுதான். இறைச்சி நூடில்ஸ் செய்கிற நாளில் முதலில் இந்தத் தாச்சியில் முட்டையோ இறாலோ போட்டு ஒரு பங்கு செய்து, வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டுத்தான் அடுத்த தாச்சியை அடுப்பில் வைப்பேன். அக்கா வீட்டில் மரக்கறி மட்டும் என்ற நாட்களில் முட்டையும் இல்லை. ஆனி மாதத்தில் அம்மன் கோயில் திருவிழாவுக்குப் படகு படகாகச் சனம் வரும் காலத்தில் எங்கள் வீட்டுக்கு மாட்டிறைச்சி வருவதேயில்லை. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மாமியின் காலத்திலிருந்தே நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அது.

குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுரை சொன்னார்கள். சின்ன வயதிலிருந்தே கேட்ட ஹதீஸ். கொடுத்தால் போதும் என்றுதான் நான் விளங்கியிருந்தேன். அவர் மனம் நோகாமல் சாப்பிடக் கூடியதைக் கொடுப்பதும் அந்தக் கவனிப்பில் சேர்ந்தது என்று விளங்க எனக்கு ஒரு தாச்சி நூடில்ஸ் தேவைப்பட்டது.

சகோதரிகளே, உங்கள் பக்கத்து வீட்டிலும் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இருக்கலாம். நம் ஹலாலை அவர்கள் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்கள் எதைத் தொடமாட்டார்கள் என்று நாமும் கேட்டு வைத்துக்கொள்வோம். ஒரு தாச்சி கூடுதலாக வாங்குவதால் நாம் ஏழையாகிவிடப் போவதில்லை.

அன்றைய அந்தச் சின்னப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். படிப்புக்காக வெளியூரில் இருக்கிறான். லீவில் வந்து திரும்பும்போது, படகேறுமுன் வேலியடியில் நின்று, "அன்ரி, என்ர தாச்சியில கொஞ்சம் போட்டுத் தாங்கோ" என்பான். 'என்ர தாச்சி' என்றுதான் சொல்வான். இரண்டு மணிக்குப் படகென்றால் ஒரு மணிக்கே நான் அடுப்பை மூட்டிவிடுவேன்.