இலைக்குக் கால் மணி முன்பு

தென்பாண்டிச் சீமைக்குப் போகிறவர்கள் இரண்டு ரகம். கோபுரம் பார்க்கப் போகிறவர்கள், சாப்பிடப் போகிறவர்கள். அடியேன் மூன்றாவது ரகம். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே கணக்கை முடித்துவிட்டு, அப்புறம்தான் கை கழுவப் போகிற ரகம்.

காரணம், என் இடுப்பில் தொங்கும் ஒரு டப்பா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. இன்சுலின் பம்ப் என்று பெயர். எனக்கு டைப் 1 சர்க்கரை. அதாவது, என் கணையம் இன்சுலின் சுரக்கும் உத்தியோகத்தை எப்போதோ ராஜினாமா செய்துவிட்டது. டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்கு அடியில் போகிறது. நாள் முழுக்க துளித்துளியாக மருந்து இறங்கும். சாப்பாட்டுக்கு மட்டும், எத்தனை கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் பண்ணி நான் பட்டனை அழுத்திக் கூடுதல் மருந்து கேட்க வேண்டும். 1963-ல் லாஸ் ஏஞ்சலீஸில் டாக்டர் ஆர்னால்ட் காதிஷ் செய்த ஆரம்பகால பம்ப், முதுகில் மூட்டை மாதிரி கட்டிக்கொள்ளும் சைஸ். அதைக் கட்டிக்கொண்டு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் எழுந்து ஓடியிருப்பார். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவன்.

போன ஆவணியில் என் சகதர்மிணியின் பிறந்த வீட்டு வகையில் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். சாக்கோடு சாக்காக மதுரை, சாத்தூர், கோவில்பட்டி, நெல்லை, செங்கோட்டை என்று ஒரு சுற்று. எல்லாம் நாக்கில் வரைபடம் போட்ட ஊர்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலை மதுரையில் இறக்கிவிட்டது. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் லாட்ஜ். குளித்து முடித்ததும் ரூமிலேயே பட்டனை அழுத்தினேன்.

“இன்னும் செருப்பே மாட்டலை, அதுக்குள்ளயா?” என்றாள் சகதர்மிணி.

விஷயம் இதுதான். பம்ப் என்னதான் கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், தோலுக்கடியில் போன மருந்து வேலையை ஆரம்பிக்கவே சுமார் கால் மணி நேரமாகும். முழு வேகம் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். ஆனால் இட்லி காத்திருக்குமா? அரைத்துப் புளித்து ஆவியில் வெந்த மாவு, வயிற்றுக்குள் விழுந்ததும் சர்க்கரையாகி ரத்தத்துக்குள் ஓட்டமாய் ஓடும். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் பந்தயத்தில் இட்லிதான் ஜெயிக்கும். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் சர்க்கரை 250-ஐத் தாண்டி நிற்கும். தலை கனக்கும், நாக்கு வறளும், மனைவி பேசுவது எதுவும் காதில் ஏறாது (இதற்கு சர்க்கரை மட்டும் காரணமில்லை என்பது அவள் கட்சி). ஆகவே மருந்துக்குக் கால் மணி நேரம் முன்கூட்டியே பச்சைக்கொடி.

மதுரையில் இது சுலபம். ஓட்டலில் உட்கார்ந்தால் இரண்டு நிமிஷத்தில் தட்டு வந்துவிடும். லாட்ஜில் பட்டன், கடைக்கு நடை, சரியாகக் கால் மணியில் இட்லி. இட்லி கொண்டு வந்த தம்பி என் இடுப்பையே பார்த்தார்.

“என்னண்ணே அது, பேஜரா? இன்னுமா ஓடுது?”

“இல்ல தம்பி, சர்க்கரைக்கு மெஷின்.”

“அப்ப இட்லிதாண்ணே உங்களுக்கு நல்லது. சொட்டு எண்ணெய் கிடையாது!”

எண்ணெய் இல்லாததுதான் சிக்கல் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எண்ணெயும் கொழுப்பும் வேகத்தடை மாதிரி. அது இல்லாத இட்லி நான்குவழிச் சாலையில் போகும் ஆம்னி பஸ். ஓர் இட்லிக்குச் சுமார் 10லிருந்து 12 கிராம் மாவுச்சத்து. மூன்றோடு எழுந்தேன். நாலு வகைச் சட்னியில் தேங்காய்ச் சட்னிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் மரியாதை செய்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கையில் ஒட்டியிருந்த சென்சாரை செல்போனால் பார்த்தேன். 162. எங்கள் சங்கத்தில் 180-க்குள் இருந்தால் பாஸ்.

சாயங்காலம் ஜிகர்தண்டா. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். மெல்ல வேண்டிய வேலையே இல்லை. திரவமாகப் போகிற சர்க்கரை எல்லாவற்றிலும் முந்திக்கொள்ளும். ஆகவே 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலின் வாசலில் பட்டன், தூண்களை அண்ணாந்து பார்த்தபடி ஒரு சுற்று, அப்படியே விளக்குத்தூண் பக்கம் நடந்து போய் டம்ளர். நாயக்கர் தூண்களைக் கட்டியதே நான் கால் மணி நேரம் கழிக்கத்தான் என்று தோன்றியது. ஒரு டம்ளரில் பாதி எனக்கு, பாதி சகதர்மிணிக்கு. “நாப்பது வயசுக்கு மேல ரொமான்ஸைப் பாரு” என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது.

மறுநாள் காரில் தெற்கே. மதுரையிலிருந்து நெல்லை சுமார் 160 கிலோமீட்டர். சாத்தூரில் காராச்சேவு வாங்கினோம். கடலை மாவு, எண்ணெய், காரம், மெதுவாக ஏறும். அடுத்து கோவில்பட்டி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய். இதில் ஒரு முக்கியமான சமாசாரம். சர்க்கரை திடீரென்று 70-க்குக் கீழே இறங்கிவிட்டால், இனிப்புதானே என்று கடலை மிட்டாயைக் கடிக்கக் கூடாது. வேர்க்கடலையின் கொழுப்பு வெல்லத்தைப் பிடித்து நிறுத்திவிடும், ஆபத்துக்கு உதவாது. அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ், சர்க்கரைத் தண்ணீர், ஜூஸ் இவைதான். கடலை மிட்டாயை நிம்மதியாக இருக்கும்போது சாப்பிடலாம். நிம்மதியாக இரண்டு சாப்பிட்டேன்.

நெல்லையில்தான் பரீட்சை.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதி விருந்து. தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்ட சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். சைவ நெல்லையின் கௌரவமே அந்த இலையில்தான் இருக்கிறது. நாங்கள் போய் இறங்கியதும் என் மனைவியின் பெரியம்மா வாசலிலேயே மறித்தார்.

“வாங்க மருமவனே. ஒங்களுக்குச் சர்க்கரைல்லா, அதான் பந்தில உக்கார வேண்டாம். அடுக்களைல தனியா ரெண்டு சப்பாத்தி போட்டு வச்சிருக்கேன்.”

அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால், இருபது வருஷமாக நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்கென்று ஒரு மூலையும் இரண்டு சப்பாத்தியும் காத்திருக்கின்றன. சப்பாத்தியும் மாவுதான்; அதற்கும் மருந்து போட்டாக வேண்டும். நான் பம்ப் கட்டிக்கொண்டதே அந்த மூலையிலிருந்து எழுந்து வந்து எல்லோரோடும் இலையில் உட்காரத்தான்.

“பெரியம்மா, எனக்கும் சொதிதான் வேணும். பந்திலயே உக்காந்துக்கிடுதேன்.”

“ஏதாவது ஆயிருச்சுன்னா?”

“ஆகாது. கணக்கு இருக்கு.”

கணக்கு இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் “இலை போட்டாச்சு” என்பதற்குப் பல அர்த்தங்கள் உண்டு. போட்டாச்சு, போடப் போறோம், இலை வாங்க ஆள் போயிருக்கு, இப்படி. ஓட்டல் மாதிரி நம்பி முழு மருந்தையும் முன்கூட்டிப் போட்டுவிட்டுப் பந்தி தாமதமானால், சாப்பாடு இல்லாத வயிற்றில் மருந்து மட்டும் வேலை செய்யும். சர்க்கரை சரியும். கை நடுங்கும், வியர்க்கும், அதற்கும் மேலே போனால் நினைவு தப்பும். ஏறுவது மெதுவான ஆபத்து என்றால் இறங்குவது உடனடி ஆபத்து. ஆகவே விசேஷ வீடுகளில் என் வழக்கம், மூன்றில் ஒரு பங்கு முன்கூட்டி, மிச்சம் இலையைக் கண்ணால் பார்த்த பிறகு. பன்னிரண்டரைக்கு “இலை போட்டாச்சு” என்றார் மைத்துனர். ஒரு பங்கை அழுத்தினேன்.

அந்த நிமிஷம் பார்த்து மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. முதல் பந்தி முழுக்க அவர்கள். சம்பந்திகளை எழுப்பிவிட்டு உட்கார முடியுமா? தூணோரம் நின்றேன். சென்சாரில் 118. பத்து நிமிஷம் கழித்து 96. அப்புறம் 80, பக்கத்தில் கீழே பார்க்கிற அம்பு. உள்ளே சம்பந்தி ஒருவர் மூன்றாவது முறையாகச் சொதி கேட்டுக்கொண்டிருந்தார்.

குளுக்கோஸ் மாத்திரைக்காகப் பையில் கையை விட்டேன். பெரியம்மா பார்த்துவிட்டார்.

“என்ன மருமவனே, மொகம் வாடிப் போச்சே?”

“சர்க்கரை இறங்குது பெரியம்மா. கொஞ்சம் இனிப்பா ஏதாவது...”

“இனிப்பா! சர்க்கரைக்காரருக்கா!”

“ஆமா. இப்ப அதுதான் மருந்து.”

அவர் வாதாடவில்லை. ஓடிப் போய் அரை டம்ளர் பானகம் கொண்டு வந்தார். வெல்லமும் தண்ணீரும் சுக்கும். ஜிகர்தண்டாவை நான் எதற்காகப் பயந்தேனோ, அதே காரணத்துக்காகப் பானகம் என்னைக் காப்பாற்றியது. திரவம், உடனே ஏறும். கால் மணியில் 104. பெரியம்மா பக்கத்திலேயே நின்று செல்போனில் எண் ஏறுவதைப் பார்த்தார். கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல.

“ஏறிட்டா, ஏறிட்டா! இம்புட்டு வெவரம் இருக்கா இதுல?”

இரண்டாம் பந்தியில் என் இலையை அவரே போட்டார். இலை விழுந்ததும் மிச்ச மருந்துக்குப் பட்டன். கூட்டும் பச்சடியும் வந்ததும் முதலில் அவற்றை நிதானமாக ஒரு கை பார்த்தேன். காய்கறியும் பருப்பும் முதலில், சோறு பிறகு என்று சாப்பிட்டால் ஏற்றம் தணிகிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. எனக்கோ அது மருந்து கிளம்புவதற்கான அவகாசமும் கூட. சோறு ஒரு கப்புக்குச் சுமார் 45 கிராம். “ஒன்றரைக் கப்தான் பெரியம்மா, அதுக்குத்தான் மருந்து போட்டிருக்கேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பரிமாறுகிறவர் இரண்டாவது தடவை சோற்றுக் கூடையோடு குனிந்தபோது ஒரு கை குறுக்கே வந்து தடுத்தது.

“அவுகளுக்குப் போடாதிய. கணக்கு முடிஞ்சுட்டு. சொதி வேணா ஊத்துங்க.”

இருபது வருஷத்தில் எனக்காக ஒருவர் பந்தியில் நின்று வாதாடியது அதுதான் முதல் தடவை. இரண்டு மணி நேரம் கழித்து 166. எண்ணைப் பெரியம்மாவிடம் காட்டிய பிறகுதான் வெற்றிலையே போட்டேன்.

மாலையில் இருட்டுக்கடை அல்வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கடை திறப்பதே சாயங்காலம்தான். இங்கே வரிசை எப்போது நகரும் என்று நெல்லையப்பருக்கே தெரியாது. ஆகவே பொட்டலம் கைக்கு வந்த பிறகே பட்டன். ரத வீதியில் ஒரு நடை நடந்துவிட்டு 50 கிராம், அப்புறம் இன்னொரு நடை. சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் தசைகளே சர்க்கரையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இலவச இன்சுலின்.

கடைசி நாள் குற்றாலத்தில் குளியல். பம்பைக் கழற்றிச் சகதர்மிணியின் கைப்பையில் வைத்துவிட்டு அருவியில் இருபது நிமிஷம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. உடம்பில் வேறு இன்சுலின் கையிருப்பு கிடையாது. இரவு செங்கோட்டைப் பக்கம் பார்டர் புரோட்டா, சால்னா, மிளகுக் கோழி. இந்த எதிரி வேறு மாதிரி. இட்லி முன்வாசலில் வரும். புரோட்டா நடுராத்திரி கொல்லைப்புறமாக வரும். எண்ணெயும் கறியும் செரிமானத்தை இழுத்தடிக்க, சாப்பிட்ட மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் சர்க்கரை ஏறும். மொத்த மருந்தையும் முன்னாலேயே போட்டால் முதலில் இறங்கி, பிறகு ஏறும். இதற்கு பம்பில் ஒரு வசதி. பாதிக்கு மேல் இப்போது, மிச்சம் மூன்று மணி நேரத்துக்குச் சிறுகச் சிறுக. எவ்வளவு, எத்தனை மணி என்பது ஆளுக்கு ஆள் மாறும். என் டாக்டரோடு உட்கார்ந்து பல புரோட்டாக்களைப் பலி கொடுத்துப் பழகிய கணக்கு இது. ராத்திரி ஒன்றரைக்குப் பார்த்தேன். 148. வெளியே சாரல்.

இன்றைக்கு சென்சாரோடு பேசித் தானாகவே மருந்தைக் கூட்டிக் குறைக்கும் பம்புகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கும்கூடச் சாப்பிடப் போகிறோம் என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும். இலை எப்போது விழும் என்று எந்த மெஷினுக்கும் தெரியாது. அது தெரிந்த ஒரே ஜீவன் சமையல்கட்டில் இருக்கிறது.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் பெரியம்மாவிடமிருந்து போன்.

“மருமவனே, தை மாசம் புள்ளைக்கு வளைகாப்பு வந்தாலும் வரும். சப்பாத்தி எல்லாம் கெடையாது, பந்திதான். இலை போடுததுக்குக் கால் மணி முன்னால நானே வந்து சொல்லுதேன். பட்டனை அமுக்கிக்கிடுங்க.”