மண் பூசிய சுவர்

கூடத்துக்கு என்ன வர்ணம் அடிப்பது என்று எனக்கும் அவருக்கும் ஒரு வாரமாக வழக்கு. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் வெள்ளிமலை சேரும் வரையில் அது ஓயவில்லை.

அங்கே மலையாளிகளின் பழைய மண் வீடு ஒன்று. (கேரளத்தார் அல்ல; தமிழ் பேசும் மலைமக்கள்.) மாலை வெயிலில் அதன் இளம்பழுப்புச் சுவர் பொன்னாக ஜொலித்தது. வாயடைத்துப் போனோம்.

"என்ன வர்ணம், பாட்டி?"

"மண்ணுதாம்மா. வெடிக்காம இருக்கச் சாணி சேர்த்துக் கையாலே மெழுகுவேன். மழை கரைச்சா மறுபடியும் மெழுகணும். சுத்தியும் காங்கிரீட் வீடு வந்தாச்சு. எனக்கப்புறம் யாரு மெழுகுவாங்க?"

ஊர் திரும்பியதும் அதே நிறத்தைத் தேடி அடித்தோம். வழக்குத் தீர்ந்தது. ஆனால் பாட்டியின் விரல் தடம் எந்த டப்பாவிலும் கிடைக்கவில்லை!