முழுக்கைச் சட்டை

பாம்பனில் எங்கள் தெருப் பெண்கள் கடற்பாசி எடுக்கப் புறப்படும் கோலத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, அதற்குமேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருக்கும். கை மேலேறாமல் மணிக்கட்டில் வலைநூலால் ஒரு கட்டு. விரல்களில் கிழிந்த சேலைத் துணி, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி.

விரல்துணி பாறைக்காக. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது விரல் அறுபடும். சட்டை சொறிக்காக; ஜெல்லி மீனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தாத்தா புதுச்சட்டை எடுத்தால் பழையது அப்பத்தாவுக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். கடலிலிருந்து வந்ததும் அதை அலசி உடைமரத்தில் காயப்போடுவாள். உப்பேறி மொடமொடவென்று நிற்கும்.

விடுமுறையில் நானும் கூடப் போவேன். சித்தப்பாவின் சட்டையை மாட்டிவிட்டுத்தான் இறங்கவிடுவாள். முழங்கால்வரை தொங்கும். நான் முகம் சுளித்தால், "சொறி பட்டா துணிக்கு அரிக்காதுடி, உனக்குத்தான் அரிக்கும்" என்பாள்.

அவள் சொன்னதைக் கடல் ஒருநாள் என் காலில் எழுதிக் காட்டியது. இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தேன். எதுவோ வழவழவென்று உரசிப் போனது. அடுத்த கணம் நெருப்பு. கரைக்கு ஓடிவந்து பார்த்தால், சட்டை விளிம்புக்குக் கீழே கெண்டைக்கால் முழுக்கச் செங்கோடுகள். விளிம்புக்கு மேலே ஒன்றுகூட இல்லை.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் மணலை அள்ளித் தேய்க்க வந்தார்கள். அப்பத்தா அவர்கள் கையைத் தட்டிவிட்டாள். குடத்து நல்ல தண்ணீரையும் தொடவிடவில்லை. கடல்நீரை மொண்டு மொண்டு ஊற்றி, ஒட்டியிருந்த நூல்களைக் குச்சியால் எடுத்தாள். வீட்டுக்கு வந்து, வெந்நீரில் நனைத்த துணியால் நெடுநேரம் ஒத்தடம்.

அதற்கெல்லாம் காரணம் பின்னால் படித்துத்தான் தெரிந்தது. சொறியின் நூல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நச்சுப் பைகள். தோல் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய முள்நூலை எய்யும். எய்யாமல் மிஞ்சிய பைகளைத் தேய்ப்பதும் நன்னீரும் உசுப்பிவிடும். செத்துக் கரை ஒதுங்கிய சொறியும் கடிப்பது இதனால்தான். ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீர் பல சொறிக்கடிகளின் வலியைத் தணிக்கும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.  கடியைத் தடுக்க மெல்லிய துணியே பெரும்பாலும் போதும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆளையே கொல்லும் பெட்டிச் சொறிக்கு அஞ்சி, கடற்கரைக் காவலர்கள் பெண்களின் நைலான் காலுறைகளை உடம்பில் மாட்டிக்கொண்டு கடலில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தும் யாராவது சிரித்திருப்பார்கள்.

துணி மூடாத இடம் முகம். கன்னத்திலும் உதட்டிலும் தடிப்போடு திரும்பும் பெண்களைப் பார்த்திருக்கிறேன்; மறுநாளும் போவார்கள். முகத்துக்கு அப்பத்தாவிடம் வழி இல்லை. மற்ற இடங்களில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலமானால் திண்ணையில் ஊசிநூலோடு உட்கார்ந்து, முழங்கைக் கிழிசல், அக்குள் கிழிசல், போன பொத்தான் என்று ஒவ்வொன்றாகத் தைப்பாள். பக்கத்து வீட்டுச் சட்டைகளும் அவளிடம் வரும். "பொத்தல் வழியா சொறி வந்தா சட்டை எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவற்றையும் வாங்கிவைத்துக்கொள்வாள்.