திருச்சி வெயிலுக்கு வீட்டிலேயே ஐஸ் டீ... பானகம் கற்றுத்தரும் பக்குவம்!

சித்திரை பிறந்துவிட்டால் திருச்சிக்காரர்களுக்கு வானிலை அறிக்கை தேவையில்லை. செருப்பைக் கீழே விட்டுவிட்டு மலைக்கோட்டை ஏறினால் போதும். குடைந்த பாறைக்குள் போகும் படிகள் வரை பரவாயில்லை. அதைத் தாண்டி உச்சிப் பிள்ளையாரை நோக்கித் திறந்த பாறையில் கால் வைக்கும்போதுதான் தெரியும், அன்றைக்கு வெயில் எத்தனை டிகிரி என்று! கத்திரி நாள்களில் 40 டிகிரியைத் தொடுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

இறங்கி வந்தால் தெப்பக்குளத்தைச் சுற்றி இன்னொரு உலகம். நன்னாரி சர்பத், எலுமிச்சை சோடா, மண்பானை மோர், நுங்கு. துணி எடுக்க என்.எஸ்.பி. ரோட்டுக்கு வந்த குடும்பங்கள், கையில் பை, வாயில் ஸ்ட்ரா என்று நிற்பதைக் கோடை முழுக்கப் பார்க்கலாம். தில்லை நகர் பக்கம் போனால் அதே தாகத்துக்கு வேறு பெயர்: ஐஸ் டீ. உயரமான கண்ணாடி டம்ளர், பொன்னிறத்தில் டீ, மேலே ஒரு எலுமிச்சை வில்லை, புதினா இலை. பில்லைப் பார்த்தால்தான் மறுபடி வியர்க்கும்.

விலை ஒருபக்கம் இருக்கட்டும். வெளியே எதைக் குடித்தாலும் ஒரு கேள்வி உண்டு. டம்ளரில் மிதக்கும் அந்த ஐஸ், எந்தத் தண்ணீர்?

மீன் பெட்டியில் போடுகிற ஐஸும் ஐஸ்தான், சர்பத்தில் போடுகிற ஐஸும் ஐஸ்தான். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் சாப்பிட உகந்ததல்லாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூன் முதல் உத்தரவு போட்டது. நீலம் தெரிந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால், நிறமில்லாத ஐஸ் எல்லாம் சுத்தம் என்றும் அர்த்தமில்லை. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். சாகாது. உறக்கத்தில் இருந்துவிட்டு, டம்ளரில் ஐஸ் கரைந்ததும் எழுந்துகொள்ளும். மே மாதம் நீட் எழுதப்போகிற பிள்ளை இருக்கும் வீட்டிலும், எண்பது வயது தாத்தா இருக்கும் வீட்டிலும் ஒரு வயிற்றுப்போக்கு என்பது சின்ன விஷயமில்லை.

இதற்கு விடை காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது.

பாலத்தில் பஸ் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மே மாதக் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். நடுவில் கோடு போட்டதுபோல் கொஞ்சம் தண்ணீர். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அதுவரை அம்மா மண்டபம் படித்துறையில் இருப்பதை வைத்துத்தான் குளியல். ஆனாலும், திருச்சி வீட்டுக் குழாய்களில் வருவது காவிரி, கொள்ளிடம் படுகைக் கிணறுகளின் தண்ணீர்தான். டீக்கு அது பெரிய வரம். ஏன் என்று பிறகு பார்ப்போம்.

ஸ்ரீரங்கத்தில் கோடை என்பது பெருமாளுக்கும் உண்டு. நம்பெருமாளுக்குக் கோடைத் திருநாள், வசந்த உற்சவம் என்று வெயிலுக்கென்றே விழாக்கள் இருக்கின்றன. சித்திரைத் தேர் நாளிலோ ஊரே பந்தலாகிவிடும். 14-ஆம் நூற்றாண்டு விஜயநகர இளவரசர் விருப்பண்ணரின் பெயரால் விருப்பன் திருநாள் என்று அழைக்கப்படும் இந்த விழாவுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். சித்திரை வீதிகளில் தேர் நகரும்போது திண்ணை திண்ணையாக அண்டாக்கள். ஒன்றில் நீர்மோர், இன்னொன்றில் பானகம். வடம் பிடித்துக் கை சிவந்தவருக்கு யார், எவர் என்று கேட்காமல் டம்ளர் நீட்டப்படும்.

கொள்ளிடம் தாண்டிச் சமயபுரம் போனால் கதை இன்னும் சுவாரசியம். அங்கே மாரியம்மனே பக்தர்களுக்காக விரதம் இருக்கிறாள்! மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். அந்த நாள்களில் வழக்கமான தளிகை கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், கரும்பு, பானகம், இளநீர் மட்டுமே நைவேத்தியம். கொளுத்தப் போகிற வெயிலுக்கு எது தாங்கும் என்று இந்த ஊர் என்றைக்கோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

பானகம் செய்பவர்களைக் கவனித்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டுவார்கள். பிறகு சுக்கு, ஏலக்காய். எலுமிச்சை கடைசியில். குளிர்ச்சிக்கு மண்பானை. ஐஸ் டீக்கும் ஏறக்குறைய இதே வரிசைதான். இனிப்பு முதலில், புளிப்பு கடைசியில், நம்பிக்கையான தண்ணீர் எப்போதும்.

ஐஸ் டீ பிறந்த கதையையும் சொல்லிவிடலாம். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி. இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்யப் போயிருந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் யாரும் சூடான டீயைத் தொடாததால் ஐஸைக் கொட்டினார், கூட்டம் அள்ளியது என்பார்கள். அவர் அதைப் பிரபலமாக்கியிருக்கலாம், கண்டுபிடிக்கவில்லை. 1879-லேயே வெளிவந்த ஒரு சமையல் புத்தகத்தில் ஐஸ் டீ இருக்கிறது. ஆக, பெயர் அமெரிக்கா, இலை நம் ஊர்!

அந்த இலையில் நீலகிரித் தேயிலைக்குத் தனி மரியாதை. காரணம், ஆறினாலும் பெரும்பாலும் கலங்காது. டீயில் இருக்கும் காஃபினும் துவர்ப்புச் சத்துகளும் குளிரும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதால்தான் பிரிட்ஜில் வைத்த டீ சேறுபோல் ஆகிறது. நீலகிரி இலையில் அந்தத் தொல்லை குறைவு. வழக்கமான டஸ்ட் டீத்தூளில் கடுப்பும் கலங்கலும் கூட வரும். பால் டீக்கு அது சரி, இதற்கு இலைத் தேயிலைதான் சரி. தண்ணீரும் முக்கியம். உப்பேறிய போர்வெல் தண்ணீரில் போட்டால் டீ மங்கி, மேலே ஏடு கட்டும். ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் பாதி ஜெயித்தாயிற்று.

இனி அடுப்படி. நான்கு டம்ளருக்குக் கணக்கு இது. முதல் நாள் இரவே ஒன்றே கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். அதில் அரை லிட்டரை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிட்டால் ஐஸ் கவலை தீர்ந்தது. மீதி முக்கால் லிட்டர் டீயில் கலக்க.

மறுநாள், கால் லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, நான்கு டீஸ்பூன் தேயிலை போட்டு மூடுங்கள். நான்கிலிருந்து ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அடுப்பிலேயே கொதிக்க விட்டால் கசக்கும். வடிகட்டும்போது ஸ்பூனால் அழுத்திப் பிழியாதீர்கள். கசப்பு முழுக்க அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான். சூடு இருக்கும்போதே 60 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிட வேண்டும். குளிர்ந்த டீயில் போட்டால் அடியில் தங்கிவிடும், அப்புறம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பனங்கற்கண்டு போட்டால் வாசனையே வேறு.

இப்போது ஆறவைத்த முக்கால் லிட்டரைச் சேருங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்த பிறகுதான் பிரிட்ஜ். சூட்டோடு உள்ளே தள்ளினால் நல்ல டீயும் கலங்கும். பரிமாறும்போது ஐஸ், நசுக்கிய புதினா, கடைசியாக அரை மூடி எலுமிச்சை. பிழிந்த நொடியில் டீயின் நிறம் வெளுப்பதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், ரசிப்பார்கள். ஸ்ரீரங்கத்து வாசனை வேண்டுமென்றால் ஒரு சிட்டிகை சுக்கு, ஒரு ஏலக்காய். சூடான டிகாக்‌ஷனிலேயே போட்டுவிடுங்கள்.

60 கிராம் என்பது டம்ளருக்கு 15 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. இரண்டாவது டம்ளர் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இனிப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வெல்லமோ பனங்கற்கண்டோ அவர்களுக்கு விதிவிலக்கு இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும் என்பதால், ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது உத்தமம். சின்னக் குழந்தைகளுக்கு டீ வேண்டாம். பானகம் எதற்கு இருக்கிறது?

ஒரு எச்சரிக்கை. கண்ணாடி ஜாடியில் தண்ணீரும் தேயிலையும் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. திருச்சி வெயிலுக்கு அது தோதாகத் தோன்றும். ஆனால் ஜாடித் தண்ணீர் கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடாகாது; வளர்க்கும் அளவுக்கு மட்டும் சூடாகும். அடுப்பில் கை வைக்க மனமில்லாத நாளில், காய்ச்சி ஆறிய தண்ணீரில் தேயிலையைப் போட்டு இரவு முழுக்கப் பிரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டிக்கொள்ளலாம். கசப்பே இருக்காது. அன்றைக்கு மட்டும் சர்க்கரையைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றிக்கொள்ள வேண்டும்.

போட்ட டீ மறுநாள் வரை தாங்கும், அதற்கு மேல் வைக்க வேண்டாம். மிச்சமிருந்தால் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு, வெயில் தாழ்ந்ததும் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகலாம். ஆறு மணிக்கு மேல் மணலைத் தாண்டிக் காற்று வர ஆரம்பித்திருக்கும்.