ஆட்டக்காரர் அண்ணாவி ஆகும் வழி

“ஆடுதவனுங்க கிடைச்சிருதானுங்க. அண்ணாவிதான் கிடைக்க மாட்டேங்கான்.” சுரண்டையில் வேலை பார்க்கும் நண்பர் தொலைபேசியில் இப்படிச் சொன்னதும் கிளம்பிவிட்டேன். வீரகேரளம்புதூர்ப் பக்கம் அவர் சொந்தக்காரர்களின் சுடலை மாடன் கோயிலில் ஆடிக் கொடை விழா. கணியான் கூத்துக்குச் செட்டு பேச அலைந்திருக்கிறார். மகுடம் அடிக்க ஆள் இருந்தது, பெண் வேடம் கட்டி ஆடவும் ஆள் இருந்தது. விடிய விடிய நின்று கதை பாடி, ஆட்டத்தையும் அடியையும் கூட்டத்தையும் ஒரே கையில் பிடித்து நடத்துகிற ஆளுக்குத்தான் தட்டுப்பாடு. ஒருவழியாகத் தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு செட்டு வர ஒப்புக்கொண்டது.

வீ.கே.புதூர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த ஊரை ஒட்டித்தான் அனுமன் நதி சிற்றாற்றில் கலக்கிறது. ஊற்றுமலை ஜமீனின் தலைமையிடமாக இருந்தது இது. இங்கே ஜமீன்தாராக இருந்த இருதாலய மருதப்பத் தேவர், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரைத் தம் அவையில் வைத்துக் காப்பாற்றினார். ரெட்டியார் 1865இல் பிறந்து 1891இல் மறைந்தவர். அந்தச் சின்ன ஆயுளுக்குள் கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய காவடிச் சிந்துக்கு இன்றும் காவடி எடுப்பவர்கள் கால் பெயர்த்து ஆடுகிறார்கள். ஒரு கலைஞனை ஓர் இடத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டதன் விளைச்சல் அது. ஜமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயின. போக வேண்டியவைதான். ஆனால், கலைஞனுக்கு ஓர் இருக்கை தரும் பொறுப்பை அதன்பின் யார் எடுத்துக்கொண்டார்கள் என்ற கேள்வியோடுதான் அந்த ஊருக்குள் நடந்தேன்.

செட்டு மத்தியானமே வந்து சேர்ந்திருந்தது. அண்ணாவி, பின்பாட்டுக்காரர், மகுடம் அடிப்பவர் இருவர், ஆட்டக்காரர் இருவர். எல்லோரும் ஆண்கள். கூட ஒரு பையன்; ஆட்டக்காரர் ஒருவரின் அக்கா மகன். குற்றாலத்தில் சாரல் நின்றபாடில்லை. ஈரக் காற்று பட்டால் மகுடத்தின் தோல் தொய்ந்து சத்தம் மங்கிவிடும். கோயிலுக்குப் பின்னால் தென்னஞ்சருகைக் கொளுத்தி, மகுடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டச் சட்டத்தில் தோல் இழுத்து ஒட்டிய கருவி. குச்சி கிடையாது, விரலும் உள்ளங்கையும்தான். ஒன்றின் பெயர் உச்சம், மற்றது மந்தம். பையன் உச்சத்தைக் காய்ச்சித் தட்டிக் காட்டினான். அண்ணாவி திரும்பிக்கூடப் பார்க்காமல், “இன்னும் கொஞ்சம் காட்டுலே” என்றார். மறுபடி தட்டியபோது தலையை மட்டும் அசைத்தார். அன்று நான் பார்த்த முதல் பாடம் அது.

அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். பதின்மூன்று வயதில் சேலை கட்டிச் சலங்கை போட்டிருக்கிறார். “எங்கய்யா மந்தம் அடிச்சாக. நான் ஆட்டம். அப்பல்லாம் சவுரி கிடையாது பாத்துக்கிடுங்க, சொந்த முடிதான். பள்ளிக்கூடத்துல பயலுவ கேலி பண்ணுவானுவ. படிப்பு அத்தோட நின்னுபோச்சு.” முப்பது வயது கடந்ததும் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வயக்காட்டு மண்ணிலும் கோயில் முற்றத்துச் சரளையிலும் இரவெல்லாம் குதித்த கால். சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு மந்தத்தைக் கையில் எடுத்தார். சில வருடம் கழித்துப் பின்பாட்டு.

“பின்பாட்டுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். அண்ணாவி ஒரு அடி பாடுனா அதோட வாலைப் பிடிச்சு நாம திருப்பிப் பாடணும். பத்து வருசம் வாலைப் பிடிச்சவனுக்குத் தலை தெரியாமப் போகுமா?” சுடலை மாடன் கதை, முத்துப்பட்டன் கதை, இசக்கி கதை எல்லாம் இப்படித்தான் அவருக்குள் போயிருக்கின்றன. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். கொடையில் அதைப் பிரிப்பதில்லை.

ஒரு நடுச்சாமத்தில் அவருடைய அண்ணாவிக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கதை பாதியில் நிற்கிறது, எதிரே சாமியாடி நிற்கிறார். பெரியவர் ஒன்றும் பேசாமல் இவர் தோளைப் பிடித்து முன்னே தள்ளினார். “தள்ளுன கை இன்னும் முதுகுல இருக்கு” என்றார். பதவியேற்பு அவ்வளவுதான். அன்று விடியும்வரை இவர் பாட, பெரியவர் பின்பாட்டுப் பாடினார். எந்தப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பையும் இதைவிடப் பெரிதாக நான் மதிக்கமாட்டேன்.

இரவு பத்து மணிக்கு மேல் கூத்து சூடு பிடித்தது. அண்ணாவி ஒரு கையைக் காதருகே வைத்துப் பாடினார். ஆட்டக்காரர்கள் இருவரும் அவருக்கு முன்னால் வட்டமிட்டார்கள். நான் அண்ணாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடிக்கொண்டே கண்ணால் அவர் பல வேலை செய்தார். உச்சக்காரர் ஒரு பார்வையில் வேகம் கூட்டினார். ஆட்டக்காரர்களில் மூத்தவர் மூச்சு வாங்கியபோது கதையை வசனத்துக்குத் திருப்பி அவருக்கு இளைப்பாற இடம் கொடுத்தார். பூசைக்கான ஏற்பாடு தாமதமாகிறது என்று தெரிந்ததும் சுடலையின் பிறப்பை இன்னும் விரித்தார். சாமியாடியின் உடல் நடுங்கத் தொடங்கியதும் விரித்ததையெல்லாம் சட்டென்று மடக்கி, மகுடங்களை முன்னே விட்டார். கதையும் பூசையும் அருளாட்டமும் ஒரே நொடியில் வந்து கூடின. அந்த நொடியைத் தவறவிட்டால் கொடை கெட்டது என்று ஊர் சொல்லும். ஆட்டத்தை நடத்துவதென்றால் என்ன என்பதை அன்றிரவுதான் கண்ணால் கண்டேன்.

நாட்டாரியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் போன்றவர்கள் இந்தக் கலையை விரிவாக எழுதியிருக்கிறார்கள். கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கைப் பற்றித்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட, மூத்த ஆட்டக்காரரின் முழங்கால்தான் மனத்தில் நின்றது.

அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். விடியற்காலையில் சலங்கையைக் கழற்றி, காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்து மகுடமா என்று கேட்டேன். “கட்டட வேலைக்குப் போயிரலாம்னு இருக்கேன் சார்” என்றார். வீட்டில் மனைவி பீடி சுற்றுகிறார். இந்த வட்டாரத்தில் பெண்கள் மடியில் முறம் இல்லாத தெரு அபூர்வம். கடுமையான, நெஞ்சைக் கெடுக்கும் வேலை அது. ஆனாலும் பீடித் தொழிலாளிக்கு 1966இல் ஒரு சட்டம் வந்தது. கணக்கில் சேர்க்கப்பட்டவர்களுக்கு வைப்பு நிதி உண்டு, அடையாள அட்டை உண்டு. “அவளுக்கு பி.எஃப். இருக்கு. எனக்கு மூட்டு வலி இருக்கு.” குறை சொல்லும் தொனியே இல்லாமல் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

ஆடுகிற உடலுக்கு ஆயுள் குறைவு என்பது உலகம் முழுதும் ஒன்றுதான். பாரிஸ் ஓப்ராவின் பாலே கலைஞர்கள் 42 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். ஆனால் அங்கே 1713இல் தொடங்கிய பள்ளி ஒன்று இருக்கிறது. அந்த மேடையில் முதல்நிலைக் கலைஞராக ஆடிய க்ளோத் பெஸி 1972 முதல் 2004 வரை அந்தப் பள்ளியை நடத்தினார். அவருக்குப்பின் வந்த எலிசபெத் பிளாத்தேலும் அதே மேடையில் ஆடியவர். ஆட்டம் நின்ற பிறகு ஒத்திகை நடத்துபவராக, ஆசிரியராக, பள்ளித் தலைவராக ஏறிச்செல்லப் படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் சம்பளம் இருக்கிறது. பாலே முந்நூறு ஆண்டுகள் நின்றதற்கு அழகு மட்டும் காரணமில்லை. கால் ஓய்ந்தவருக்கும் வேலை இருந்தது.

நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது. ருக்மிணி தேவி, அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சதிர் பயின்றார். 1936இல் அவர் அடையாற்றில் தொடங்கிய நிறுவனம்தான் கலாக்ஷேத்ரா. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அங்கே மாணவியாகச் சேர்ந்த லீலா சாம்சன் 2005இல் அதன் இயக்குநரானார். மாணவியாக நுழைந்தவர் தலைமை வரை போக முடிந்தது, நடுவில் படிகளைக் கட்டி வைத்திருந்ததால்.

கணியான் கூத்திலும் படிகள் இருந்தன. ஆட்டம், மகுடம், பின்பாட்டு, அண்ணாவி. யாரும் எழுதி வைக்காத, தலைமுறைகளாகத் தேய்ந்து பளபளத்த படிகள். இன்று அவற்றை உடைத்துக்கொண்டிருப்பது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நகரத்து விழாக்களுக்குக் கலைஞர்களைப் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகர்கள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கேட்பது பத்து நிமிட ஆட்டம். “பாட்டு வேண்டாம். ரெண்டு ஆட்டக்காரரும் ரெண்டு மகுடமும் அனுப்புங்க, போதும்” என்று இந்தச் செட்டுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் கணியான் கூத்து. அதில் கதை இல்லை, பின்பாட்டு இல்லை, அண்ணாவி இல்லை. பேசிய தொகையில் தரகு போனது எவ்வளவு என்பது ஆடியவர்களுக்குத் தெரியாது. மீதியும் மாதக்கணக்கில் இழுத்தடித்து வந்திருக்கிறது.

தரகுப் பணத்தைவிடப் பெரிய திருட்டு, அண்ணாவிப் பதவியைத் திருடியது. அண்ணாவிக்கு மேடை இல்லை என்றால் பின்பாட்டுக்கு யார் நிற்பார்? பின்பாட்டு இல்லாவிட்டால் கதை எந்தக் காதில் இறங்கும்? முழங்கால் போனவர் சித்தாளாகத்தான் போவார். ஆடப் பையன்கள் வந்துகொண்டே இருப்பார்கள், அவர்களை நடத்த ஆள் இருக்காது. நண்பர் தொலைபேசியில் சொன்ன தட்டுப்பாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு 2007இல் நல வாரியம் அமைந்தது. நலிந்த கலைஞருக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் நலிந்த பிறகு தரும் உதவி வேறு, நலியாமல் இருக்கத் தரும் வேலை வேறு. திருநெல்வேலியில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று அரசு இசைப்பள்ளிகள் கற்றுக்கொடுக்கின்றன. சில மாவட்டங்களில் பகுதிநேர நாட்டுப்புறக் கலை வகுப்புகளும் வந்திருக்கின்றன. அந்த வரிசையில் அண்ணாவி ஒருவர் சம்பளத்தோடு உட்கார வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டு அவரை வாசலில் நிறுத்தக் கூடாது. பதின்மூன்று வயதில் அவர் பள்ளியை விட்டது இந்தக் கலைக்காகத்தான்.

அரசு விழா எதுவாக இருந்தாலும் கணியான் கூத்து என்று அழைத்தால் ஆறு பேரையும் அழைக்க வேண்டும். பணம் தரகர் கை தொடாமல் அவரவர் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். கொடை நடத்தும் ஊர்க்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன். அச்சாரம் கொடுக்கும்போது ஆட்டம் எப்படி என்று மட்டும் விசாரிக்காதீர்கள். பின்பாட்டில் நிற்பது யார், அடுத்த அண்ணாவியாக யார் வளர்கிறார் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மரியாதை கிடைத்தால் செட்டுகளே ஆளை வளர்க்கும்.

கிளம்பும்போது அண்ணாவியிடம், மூத்த ஆட்டக்காரர் கட்டட வேலைக்குப் போகப்போவதாகச் சொல்கிறாரே என்றேன். “அவன் காலு ஆடும்போதே காது படிச்சிருச்சு. பாதிக் கதை உள்ள கிடக்கு. அடுத்த கொடையில பின்பாட்டுக்கு நிறுத்தப்போறேன். கூலியில கொஞ்சம் என் பங்குலருந்து குடுத்துக்கிடுதேன்” என்றார். ஓர் அரசு, ஒரு பள்ளி, ஓர் அறக்கட்டளை செய்ய வேண்டிய காரியத்தை ஒரு கிழவர் தன் கூலியிலிருந்து செய்கிறார். அவர் ஒருவரால் ஒருவரைத்தான் நிறுத்த முடியும். மற்றச் செட்டுகளில் சலங்கையைக் கழற்றப்போகிறவர்களை யார் நிறுத்துவது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.