சீனிக்கிழங்குச் சீமையிலே

பொங்கலுக்கு முந்தின வாரம் திருநெல்வேலிப் பக்கம் போய்ப் பாருங்கள், கடைத்தெருவெல்லாம் கிழங்குக் குவியல்தான். பொங்கல் பானைக்கு முன்னால் காய்களோடு கிழங்குகளையும் வைத்துப் படைப்பது என் புகுந்த வீட்டுச் சீமையின் வழக்கம். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலை எடுத்துவிடுவார்கள். ஆனால் சர்க்கரைவள்ளி (அங்கே சீனிக்கிழங்கு என்று கேட்க வேண்டும்) தோலோடுதான் பானைக்குள் போகும்.

"மண் ஒட்டின தோலையா அத்தை வேகவைக்கிறது?" என்றாள் பட்டணத்து ஓர்ப்படி.

"சீவினா இனிப்பு தண்ணியிலல்லா இறங்கிரும்!" என்றார் மாமியார்.

வாஸ்தவம்தான். சீவி நறுக்கினால் பால் வடிந்து கறுத்தும் போகிறது. தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி முழுசாக வேகவைத்தால், தோல் சுலபமாக உரிந்து வரும். அதில் நார்ச்சத்து உண்டு. பெரியவர்கள் தோலோடேயே சாப்பிடலாம். 6 மாதம் கடந்த குழந்தைக்கு உரித்து, நார் நீக்கி மசித்துக் கொடுங்கள்.

வண்டு துளைத்த கிழங்கு மட்டும் ஆகாது. எத்தனை ஆழமாகச் சீவினாலும், எத்தனை நேரம் வேகவைத்தாலும் அந்தக் கசப்பு போகாது, உடம்புக்கும் கெடுதல். குழந்தை முகம் சுளித்துத் துப்பினால் அதட்டாதீர்கள். வாங்கித் தூர எறியுங்கள்.