பாட்டுக்கு மொழியில்லையா?

"இசைக்கு மொழியில்லை!"

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன வாக்கியம் இது. மேடையிலே தமிழ்ப்பாட்டு வேண்டும் என்று எவனேனும் வாய் திறந்தால் போதும். உடனே வந்து விழும் இந்தப் பொன்மொழி. நாதமே கடல், மொழி கரையிலே கிடக்கும் கிளிஞ்சல் — கிளிஞ்சலுக்காகவா கலகம் என்று உபதேசமும் தொடரும். கேட்பதற்கு இனிமையான தத்துவந்தான். ஆனால் இந்தத் தத்துவத்தைக் காலணாவுக்கும் மதிக்காத ஓர் இடம் உண்டு. அது பண்டிதர் அவையன்று, பகுத்தறிவாளர் மாநாடுமன்று. இசைத்தட்டு விற்கும் வாணிகர் கடை!

1964ஆம் ஆண்டு ஜனவரி 29. பாரிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம். உலகையே ஆட்டிப் படைக்கத் தொடங்கியிருந்த பீட்டில்ஸ் குழுவினர், லிவர்பூல் துறைமுகத்து இளைஞர் நால்வர், அன்று தங்கள் பாட்டுகள் இரண்டை ஜெர்மன் மொழியிலே பாடிப் பதிவு செய்தனர். விரும்பியா வந்தனர்? இல்லை. விடுதியை விட்டு அசையவே மறுத்தனர். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நேரிலே சென்று கடிந்து அழைத்து வர வேண்டியிருந்தது. ஆங்கிலத்திலே பாடினால் எங்கள் நாட்டிலே தட்டு பெருமளவில் விலைபோகாது என்று ஜெர்மன் கிளை நிறுவனம் கருதியதுதான் காரணம். சொற்களை ஜெர்மனிலே ஆக்கித் தந்தவர் லக்சம்பர்க் நாட்டு கமிலோ ஃபெல்கன். ஒரு பாட்டுக்கு லண்டனில் பதிந்த வாத்திய ஒலியே போதுமானதாயிருந்தது. அதன்மேல் புதிய சொற்களை மட்டும் பாடினர். மற்றொன்றுக்கு மூலநாடா இல்லை. வாத்தியத்தையும் முதலிலிருந்து வாசித்தனர்.

கடலூரில் கல்லூரி பயிலும் என் அக்காள் மகன் அந்தப் பாட்டைக் கைப்பேசியிலே கேட்கச் செய்தான். "மெட்டு அதேதான் மாமா, பேச்சு மட்டும் வேறே. இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு?" என்றான்.

நல்ல கேள்வி! மெட்டு மாறவில்லை, தாளம் மாறவில்லை, குரலும் மாறவில்லை. இசைக்கு மொழியில்லை என்பது உண்மையானால், அந்த நால்வரின் வாய்க்கு ஏன் இரண்டாம் முறை வேலை? ஸ்வீடன் நாட்டு அப்பா குழுவினர் 1980இல் தங்கள் புகழ்பெற்ற பாட்டுகளை ஸ்பானிய மொழியிலே பாடித் தனித்தொகுப்பாக வெளியிட்டது ஏன்? நம் ஊரிலேயே, 1948இல் 'சந்திரலேகா' எடுத்த எஸ்.எஸ்.வாசன், வடநாட்டு மக்களுக்காக அதை இந்தியிலும் ஆக்கியது ஏன்? 1992இல் வந்த 'ரோஜா'வின் பாட்டுகள், மெட்டு மாறாமலே இந்திச் சொல் பூண்டு வடக்கே சென்றது ஏன்? அசைக்கு அசை பொருந்த வேண்டும். நெடில் விழும் இடத்திலே நெடில் விழ வேண்டும். திரையிலே அசையும் உதட்டுக்கும் ஒத்துப்போக வேண்டும். இத்தனை இடர்ப்பாட்டையும் வாணிகன் ஏற்றான். கேட்பவனுக்குப் புரிந்தால்தான் காசு விழும் என்பதை அவன் அறிவான்.

காசுக்காகச் சிலர் கண்டறிந்த இந்த உண்மையை, கலைக்காக வாழ்வதாகச் சொன்னவர்கள் நம் நாட்டிலே கண்டறியவில்லையே!

திருவாரூரிலே பிறந்தவர்கள் இசை மும்மூர்த்திகள் மூவரும். ஆனால் தியாகராயர் பாடியது தெலுங்கிலே. தீட்சிதர் பாடியது பெரும்பாலும் வடமொழியிலே. சியாமா சாஸ்திரி பாடியதும் மிகுதியும் தெலுங்கிலேதான். அவர்கள் புலமையைக் குறை கூறுவதற்கில்லை. நாயக்கரும் மராட்டியரும் ஆண்ட தஞ்சையிலே, அரண்மனை போற்றிய மொழி மேடையின் மொழியாயிற்று. ஆனால் அரண்மனை போன பின்னும் வழக்கம் போகவில்லை! அவர்களுக்கு முன்பே சீர்காழி முத்துத்தாண்டவர் தமிழிலே கீர்த்தனை பாடினார். சிதம்பரத்துக்குப் பக்கத்துத் தில்லைவிடங்கனிலே பிறந்த மாரிமுத்தாப் பிள்ளை தமிழிலே பாடினார். அவையெல்லாம் பதவுரை தேவைப்படாத பாட்டுகள். ஆயினும் மேடையிலே அவற்றுக்குக் கிடைத்தது கடைசி இடம். பெரிய விருந்து முடிந்தபின் ஊறுகாய் நக்குவதுபோல, கச்சேரியின் வாலிலே 'துக்கடா'வாக இரண்டொன்று!

இந்த அநீதியை எதிர்த்து முரசு ஒலித்த இடம் நம் சிதம்பரந்தான். 1941ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அண்ணாமலைநகரிலே தமிழிசை மாநாடு கூடிற்று. அண்ணாமலைச் செட்டியார் பொருளும் ஊக்கமும் தந்தார். கல்கியும் டி.கே.சி.யும் பேனா பிடித்தனர். தண்டபாணி தேசிகர் போன்றோர் குரல் கொடுத்தனர். 1943இலே சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. எதிர்த்தோர் என்ன சொன்னார்கள்? இசைக்கு மொழியில்லை என்றார்கள். அடுத்த மூச்சிலேயே, தமிழிலே பாடினால் இசையின் தரம் தாழும் என்றார்கள்! மொழியே இல்லாத ஒன்று, ஒரு மொழி பட்டவுடன் தாழ்வது எப்படி? இந்தத் தருக்கத்தை எந்தப் பள்ளியிலே கற்றார்களோ!

போராட்டம் பழங்கதையாகிவிட்டதா? பல ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்திலே ஒரு கச்சேரிக்குச் சென்றிருந்தேன். உடன் வந்தவர் என் தாய்மாமன். கடலூர் துறைமுகத்திலே மூட்டை சுமந்து முதுகு வளைந்தவர். இரண்டு மணி நேரம் அசையாது கேட்டார். தமிழ்ப்பாட்டு ஒன்று வேண்டுமென்று நான் சீட்டு எழுதி அனுப்பினேன். பாடகர் படித்தார், புன்னகைத்தார், மடித்து வைத்தார். கூட்டம் செருப்பைத் தேடும் நேரத்திலே அரைப்பாட்டு வந்தது. திரும்பும் பேருந்திலே மாமன் சொன்னார்: "நாயனம்னா சொல்லு வேணாம்டா தம்பி, அது குழல். மனுசன் வாயத் தொறந்து பாடுறாரு. என்னா சொல்றாருன்னு கேக்கத் தோணாதா?"

நூறு மேடைச் சொற்பொழிவுக்கு ஈடான கேள்வி அது. பாடியவரும் தமிழர், கேட்டவரும் தமிழர். நடுவே நின்ற பாட்டு மட்டும் இருவருக்கும் அயல்! ஜெர்மன் நாட்டுத் தொழிலாளிக்குப் பீட்டில்ஸ் காட்ட நேர்ந்த மரியாதை, கடலூர்த் தொழிலாளிக்குத் தன் ஊர்ப் பாடகரிடம் கிடைக்கவில்லை.

ஆனால் தோழர்களே, வாணிகன் காட்டும் மரியாதையைக் கண்டு மயங்கியும் விடாதீர்கள். நம் கடலூர் அதற்குச் சான்று. 1690இலே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் விலைக்கு வாங்கி, டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவு வரை நிலம் அவர்களுக்கென்று ஒப்பந்தம். துணி வாங்க வந்த அந்நாளிலே, நம் மொழி பேசத் துபாஷி வேண்டியிருந்தது அவர்களுக்கு. வாணிகம் ஆட்சியான பிறகு? அவர்கள் மொழியை நாம் படித்தோம்! பாட்டிலும் இதே கதைதான். பீட்டில்ஸின் ஆங்கிலத் தட்டே ஜெர்மனியிலும் அமோகமாக விற்றது. அதன்பின் அந்தக் குழு வேற்றுமொழிப் பதிப்பு எதையும் வெளியிடவில்லை. தேவை தீர்ந்தது, மரியாதையும் தீர்ந்தது.

ஆகவே, பிறர் தயவிலே ஒரு மொழி வாழாது. கொரிய நாட்டு இளைஞர் குழுவான பி.டி.எஸ்.ஸைப் பாருங்கள். ஜப்பானியருக்காக ஜப்பானிய மொழியிலே பாடினார்கள், ஆங்கிலத்திலும் பாடினார்கள். ஆனால் தாய்மொழியை வாலுக்குத் தள்ளவில்லை. பெரிதும் கொரிய மொழியிலேயே அமைந்த அவர்கள் பாட்டு, 2020இலே அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. முதலில் தம் மக்கள் கேட்டார்கள். பிறகு உலகம் கேட்டது.

தெலுங்கு நமக்குப் பகையன்று, ஜெர்மனும் பகையன்று. அயல்மொழிப் பாட்டைப் பொருளறிந்து கேட்பது அறிவு. பொருளறியாமல் தலையாட்டுவது அடிமைப் பழக்கம். அவையிலே அமரும் ஒவ்வோர் இளைஞனும் "இதன் பொருள் என்ன?" என்று கேட்கட்டும். தமிழ்ப்பாட்டு வேண்டுமென்று சீட்டு எழுதட்டும், துக்கடாவாக அல்ல, தொடக்கமாக! ஒருவர் எழுதினால் மடித்து வைப்பார்கள். ஓராயிரம் பேர் எழுதினால் பாடித்தான் தீர வேண்டும்.